பிக்கப் முகப்புக்கு என்ன மாட்டலாம்? எண்ணூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

பிக்கப் வாங்கினால் சாவி கைக்கு வந்த அன்றே கூட இருப்பவர்கள் கேட்பது, "முன்னாடி என்ன கார்டு போடப்போற?" என்பதுதான். கார்டு என்றால் பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் குழாய்த் தடுப்பு. அந்தக் கேள்விக்குப் பதில் ஊருக்கு ஊர் மாறும். ராத்திரியில் மாடு குறுக்கே வரும் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர் கவலை வேறு. நான் ஓட்டுவது வடசென்னையில், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, மீஞ்சூர் பக்கம். இங்கே வண்டியின் முகம் அடிவாங்குவது பெரும்பாலும் நடை வேகத்தில். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர் திடீரென்று ஓரடி பின்னால் உருளும். காசிமேட்டில் ஐஸ் பெட்டி ஏற்றிய மீன்பாடி வண்டி பம்பர் முக்கில் தேய்த்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் ஹை ரோடு) ஷேர் ஆட்டோ மூக்கை நுழைத்துவிட்டு நம்மை முறைக்கும். இதோடு உப்புக் காற்று, டிரெய்லர் டயர் தெறிக்கும் ஜல்லி, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர். இந்த நிலவரத்துக்கு எது தாங்கியது, எது வீண் என்று மட்டும் சொல்கிறேன்.

வண்டி பொலேரோ பிக்கப், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. விடியற்காலையில் மீன் லோடு, அது இல்லாத நாளில் சாத்தாங்காடு இரும்புச் சந்தையிலிருந்து கம்பி, ஆங்கிள், ஷீட். பழைய ஓனர் முன்னால் மூன்று குழாய் வைத்து ஒரு பெரிய கார்டு மாட்டியிருந்தார். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுச் சோதனைக்கு, முன்னால் கழற்றியே ஆகவேண்டும் என்பதால் மணலியில் ஒரு டிங்கர் பட்டறையில் விட்டேன்.

கழற்றியபோது பார்த்ததுதான் இந்தப் பதிவுக்கே காரணம். குழாயில் ஒரு சிராய்ப்பு தவிர ஒன்றுமில்லை. ஆனால் கார்டின் பிராக்கெட் சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) முனையில் போல்ட் போட்டிருந்த இடத்தில் வட்டமாக இருக்கவேண்டிய துளை முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருந்தது. இடது முனை உள்பக்கமாக விரல் பருமன் மடங்கியிருந்தது. துளையைச் சுற்றி பெயின்ட் வெடித்து, உள்ளே துரு செதில் செதிலாக. பட்டறைத் தம்பி டார்ச் அடித்துக் காட்டினான்: "அண்ணே, கார்டுக்கு ஒண்ணும் ஆவல. சேஸ்தான் எல்லாத்தையும் வாங்கிக்கினு கீது." பழைய ஓனர் எங்கேயோ இடித்திருக்கிறார். கார்டு இல்லாமல் இருந்திருந்தால் பம்பர், கிரில், ஒரு ஹெட்லைட் போயிருக்கும். அதெல்லாம் கடையில் கிடைக்கும் சாமான். சேஸ் முனையை நிமிர்த்துவது அப்படி இல்லை. ஒருமுறை மடங்கிய இரும்பு அடுத்த இடியில் அதே இடத்தில்தான் மடங்கும்.

விஷயம் எளிமையானது. பம்பரும் முன்தகடும் நசுங்கி, இடியின் வேகத்தைக் கொஞ்சம் தின்றுவிட்டு மீதியைத்தான் உள்ளே விடும். கார்டு அந்த நசுங்கலுக்கு இடம் கொடுக்காமல் அடியை நேராக சேஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஏர்பேக் உள்ள புதிய வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: இடியை உணர்ந்து ஏர்பேக்கை விரிக்கும் கணக்கு, கம்பெனி கொடுத்த முகப்பை வைத்துப் போட்டது. நடுவில் இரும்பை நுழைத்தால் அந்தக் கணக்கு தப்பலாம். லேலண்ட் தோஸ்த், டாடா ஏஸ் மாதிரி மூக்கில்லாத வண்டி ஓட்டுகிறவர்கள் இதை இன்னும் யோசிக்கவேண்டும். அதில் நம் முழங்காலுக்கும் முன்தகடுக்கும் இடையில் இருப்பது ஒரு சாண்.

வண்டிக்குள் இருப்பவர் கதை இது. வெளியே நிற்பவர் கதை இன்னும் மோசம். காசிமேட்டில் ஏலம் நடக்கிற நேரத்தில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வண்டிகளுக்கு நடுவில்தான் நடப்பார்கள். தகடு பட்டால் காயம். இரும்புக் குழாய் பட்டால் எலும்பு.

சட்டமும் தெளிவாகத்தான் இருக்கிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், கிராஷ் கார்டு, புல் பார் மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை மீறுவது, நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. "எல்லாரும்தான் போட்டிருக்காங்க" என்று விற்கிற கடைக்காரர் அந்த 5,000-த்தைக் கட்டப்போவதில்லை. எஃப்.சி.க்குக் கழற்றி, முடிந்ததும் மாட்டிக்கொள்கிற வழக்கமும் இங்கே இருக்கிறது. கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அந்த போல்ட் துளை இன்னும் கொஞ்சம் தளரும் என்பதைத் தவிர அதில் லாபம் இல்லை.

சரி, கார்டு போனபின் மாட்டியவை.

முதலில் பம்பர் இரண்டு முக்கிலும் தடித்த ரப்பர் பேட். இங்கே அடி விழுவது முக்கில் என்பதால் மற்ற எல்லாவற்றையும்விட இது உழைத்தது. மீன்பாடி வண்டி உரசல், சுவர் உரசல் எல்லாம் ரப்பரில் கோடாக நின்றுவிட்டது, பெயின்ட் வரை போகவில்லை. வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். டபுள் டேப்பில் ஒட்டுகிற பேட் அக்னி நட்சத்திர வெயிலில் ஓரம் தூக்கிவிடும், ஸ்க்ரூ போடுகிற மாதிரி வாங்குங்கள். ஸ்க்ரூ தலைக்கு அடியில் நைலான் வாஷர் வையுங்கள், இல்லையென்றால் துரு அங்கே தொடங்கும். இன்னொன்று, ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகப் பக்கம் எண்ணெய் கலந்து வந்ததே, அந்தத் தண்ணீரில் வண்டி நின்றது. கழுவி விட்டும் சில வாரத்தில் இடது பேட் ஊதி, பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும், சாதா ரப்பர் தாங்காது. கடையில் கேட்டால் பலருக்குத் தெரியாது, இருந்தாலும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஹெட்லைட் கிரில். ஜல்லிக்கு இது நல்ல தடுப்பு, மணலி பக்கம் டிரெய்லருக்குப் பின்னால் ஓட்டுகிறவர்களுக்கு அவசியம் என்றே சொல்வேன். ஆனால் கம்பி நெருக்கமாக இருந்தால் வெளிச்சம் வரிவரியாக ரோட்டில் விழும். நான்கைந்து கம்பி போதும். கண்ணாடியைத் துடைக்கக் கை போகிற மாதிரி கீல் வைத்ததாக வாங்குங்கள், மீன் தண்ணீர் தெறித்துக் காய்ந்தால் லைட் மங்கலாகிவிடும்.

ரேடியேட்டர் வலை பற்றித்தான் அதிகம் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லாரும் அளவு தப்பாகப் போடுகிறார்கள். எங்கள் ஷெட்டில் ஒரு தம்பி பூச்சி வராது என்று கொசுவலை மாதிரி பொடிக் கண் வலை மாட்டினான். மே மாதம், முழு லோடு, எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசையில் ஊர்ந்தபோது டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டே போனது. காற்று நுழைய வழி இல்லை. சுண்டுவிரல் நுழைகிற கண் உள்ள வலை போதும். கல்லும் பிளாஸ்டிக் கவரும் நிற்கும், காற்று போகும். எந்த வலையும் சாம்பல் தூசியைத் தடுக்காது. அத்திப்பட்டு, மீஞ்சூர் ரோட்டில் அனல்மின் நிலையச் சாம்பல் லாரிக்குப் பின்னால் ஓடினால் அது ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்னுக்குள் போய், மழை ஈரத்தில் களிமண்ணாக இறுகும். மாதம் ஒருமுறை வலையைக் கழற்றி, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை விடுங்கள். பிரஷர் வாஷ் துப்பாக்கியை நேராகப் பிடித்தால் ஃபின் எல்லாம் வாழை இலை மாதிரி மடங்கிப் படுத்துவிடும்.

என்ன மாட்டினாலும் எந்த இரும்பு என்று பாருங்கள். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கிற வண்டிக்கு "எஸ்.எஸ்." (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்ற ஒரு சொல் போதாது. மலிவாகக் கிடைப்பது 202 ரகம். 304-ல் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், உப்புக்கு அது மேல். காந்தம் வைத்துக் காட்டி "பாருங்க, ஒட்டல, ஒரிஜினல்" என்பார்கள். 202-ம் காந்தத்தில் பெரிதாக ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. பில்லில் ரகத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். 304-லும் வெல்டிங் பக்கத்தில் டீக் கறை மாதிரி பழுப்பு வரும். வெல்டிங் சூட்டில் நிறம் மாறிய இடத்தை பிக்ளிங் பேஸ்ட் என்ற அமிலப் பசை போட்டு எடுக்காமல் விட்டதால் வருவது அது. கறுப்பு பவுடர் கோட்டிங் போட்ட சாதா இரும்பு முதல் வருடம் பளபளக்கும். ஒரு கல் பட்டுத் தோல் உரிந்ததும் துரு கோட்டிங்குக்கு அடியில் ஊர்ந்துபோகும், மேலே பார்த்தால் தெரியாது.

அடித் தகடு, அதாவது இன்ஜினுக்குக் கீழே போடுவது, என் வண்டிக்குத் தேவைப்படவில்லை. தரைக்கும் இன்ஜினுக்கும் போதிய இடைவெளி இருக்கிறது. தாழ்ந்த வண்டிக்குப் போடுவதென்றால் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான். கூடுதல் எல்.இ.டி. பார் லைட் பற்றி எழுதவே விருப்பமில்லை. எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்குவது பாதுகாப்பில் சேராது.

நம்பர் பிளேட்டை மறந்துவிடாதீர்கள். வெள்ளத்தில் ஓட்டும்போது முன்னால் எழும் தண்ணீர் பிளேட்டைப் பிய்த்துக்கொண்டு போகும். மிக்ஜாம் சமயத்தில் எங்கள் தெருவிலேயே பலருக்குப் போனது. உயர் பாதுகாப்பு பிளேட் போனால் பக்கத்துக் கடையில் எழுதி வாங்கிவிட முடியாது. பின்னால் ஒரு கெட்டியான ஃபிரேம் வைத்து நான்கு மூலையும் பிடித்துக்கொண்டால் தாங்கும். பிளேட்டையும், பம்பரில் ஒட்டிய வெள்ளை ரிஃப்ளெக்டர் டேப்பையும் எதுவும் மறைக்கக்கூடாது, எஃப்.சி.யில் முதலில் கண் போவது அங்கேதான்.

டிரெய்லர் பின்னால் உருளுவதற்கு எந்தச் சாமானும் மருந்தில்லை. அந்த உயரத்தில் இருக்கிற டிரைவருக்குப் பின்னால் நிற்கும் நம் வண்டி தெரியவே தெரியாது. அதன் பின்டயர் ரோட்டைத் தொடுகிற இடம் நம் சீட்டிலிருந்து தெரியும் அளவுக்கு இடம் விட்டு நிறுத்துவேன். அந்த இடைவெளியில் பைக் நுழையும், பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.

கடைசியாக, காசு செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று கடைகளில் தொங்காது. சரக்கு வண்டிக்கு எடுக்கிற வழக்கமான பாலிசியில் பம்பர், ஹெட்லைட், மட்கார்டு, பானட், டயர், அந்த இடத்துப் பெயின்ட் இதெல்லாம் அடிபட்டால், வண்டியே முழுசாகப் போனாலொழிய, பணம் வராது. ஐ.எம்.டி. 23 (தாளில் IMT 23) என்ற இணைப்பை எடுத்திருக்க வேண்டும். சொந்தச் சேதப் பிரீமியத்தில் 15 சதவீதம் கூட ஆகும், அப்போதும் அந்தச் சாமான்களுக்குப் பாதிச் செலவு நம் தலையில்தான். இருந்தும் இந்த ரோட்டுக்கு அது கட்டுப்படியாகும், ஏனென்றால் இங்கே உடைவதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிற சாமான்தான். ரெனியூவல் மெசேஜ் வந்ததும் அவசரமாகக் கட்டாமல் பாலிசித் தாளில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட ஏஜென்ட் முதலில் எடுத்துவிடுவது அதைத்தான்.