குனியாமல் களை எடுக்க: காரைக்குடிப் பட்டறையில் செய்து வாங்கிய நீளக்காம்புக் கொத்து

எங்கள் வீட்டுப் பின்கட்டைத் தாண்டிக் கிணறு வரைக்கும் இருப்பது அப்பத்தா நார்த்தையும் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்து வளர்த்த தோட்டம். பங்காளிகள் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டதில் ஏழெட்டு வருடம் அந்தக் கதவையே யாரும் திறக்கவில்லை. போன ஆடியில் நான் வந்து திறந்தபோது சீமைக்கருவேலும் எருக்கும் கிணற்றை மறைத்துக்கொண்டிருந்தன, நடுவில் நாயுருவி இடுப்புயரத்துக்கு நின்றது. எனக்கு வயது 59, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், சர்க்கரையும் உண்டு. குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது, வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். களைக்கொத்து என்றால் ஒரு முழக் காம்புதான், உட்கார்ந்துதான் கொத்த வேண்டும், பிறகு நான் எப்படிச் செய்வது?

முதலில் ஆன்லைனில் பேட்டரி புல்வெட்டி ஒன்று வாங்கினேன். தோளில் மாட்டினால் பத்து நிமிடத்தில் கழுத்து இழுத்தது, நாயுருவித் தண்டு நைலான் நரம்பில் சுற்றிச் சுற்றி நின்றுபோனது, சரளைக் கல் வேறு காலில் தெறித்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் அதை யோசித்தே வாங்குங்கள்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை காரைக்குடிச் சந்தைக்குப் போனபோது அரிவாள் சாணை பிடிக்க ஒரு கொல்லுப்பட்டறையில் நின்றேன். பேச்சுவாக்கில் என் கதையைச் சொன்னதும் பட்டறைக்காரர், "ஆச்சி, செருப்பைப் போட்டுக்கிட்டு நிமிர்ந்து நில்லுங்க" என்று ஒரு கம்பை எடுத்து என் காது மடல் உயரத்துக்கு அளந்து கோடு போட்டார். அந்த அளவுதான் இந்தக் கொத்தின் உயிர் என்று இப்போது தெரிகிறது. ஒரு சாண் குறைந்தாலும் இடுப்பு வளைந்துவிடும், மறுநாள் எழுந்திருக்க முடியாது.

தகடு பழைய லாரிப் பட்டையைக் காய்ச்சி அடித்தது, ஐந்து அங்குல அகலம். மண்வெட்டி மாதிரி ஓங்கிக் கொத்த வேண்டியதில்லை, உள்பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கிறார், இழுத்தால் ஒரு விரல் ஆழத்தில் மண்ணுக்குள் படுத்தபடி வந்து வேரோடு அறுத்துவிடும். கூட்டித் தள்ளுகிற மாதிரிதான் வேலை, முழங்காலுக்கு வேலையே இல்லை. காம்பு சவுக்கு. எல்லாம் சேர்த்து 650 ரூபாய் ஆனது.

ஆனால் நம் செம்மண் காய்ந்தால் கல்தான், அப்போது இதை இழுத்துப் பயனில்லை, மணிக்கட்டுதான் வலிக்கும். மழை பெய்த இரண்டாம் மூன்றாம் நாள், மண் கையில் ஒட்டாமல் உதிரும் பதத்தில் இழுக்க வேண்டும். ஐப்பசி மழையில் களை திரும்ப முளைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஆனால் இரண்டு இலை விட்ட பிஞ்சாக இருக்கும்போதே இழுத்ததில் ஒரு வாரத்தில் அடங்கியது. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னால் எடுத்துவிட வேண்டும், ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். எடுக்கும்போது மூக்கில் துணியும் கையில் உறையும் கட்டாயம். கோரைக்கு இந்தக் கொத்து போதாது, கிழங்கு அடியிலேயே இருந்து மறுபடி வரும், அங்கே மட்டும் தென்னை மட்டையும் சருகும் போட்டுக் கனமாக மூடிவிட்டேன். சீமைக்கருவேலுக்கு ஆள் வைத்தேன், கடப்பாரையால் வேர்க்கட்டையோடு தோண்டாமல் மேலே வெட்டினால் நாலு கிளையாகத் துளிர்க்கும்.

காலையில் இருபதே நிமிடம், போனில் மணி வைத்துவிடுவேன். முதலில் கதவிலிருந்து கிணற்றுக்கு நடைபாதை, அது முடிய ஆவணி போய்விட்டது. பிறகு ஒவ்வொரு மரத்தடியாக. கொத்தை இறக்கும் முன்னால் அதன் காம்பாலேயே புதரைத் தட்டிவிடுவேன், பாம்பு இருந்தால் நகர்ந்துவிடும். ஒருநாள் சாப்பிடாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய் உடம்பு நடுங்கி வேர்த்துவிட்டது, கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பிள்ளை சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் எழுந்தேன். சர்க்கரைக்காரர்கள் தயவுசெய்து இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள், மடியில் மிட்டாய் இருக்கட்டும், மூடிய செருப்பு போடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு நாளில் தருகிறேன் என்றவர் ஒன்பது நாள் எடுத்தார், இரண்டு தடவை பஸ் ஏறிப்போய்த் திரும்பி வந்தேன். காம்பு காய்ந்து சுருங்கியதால் கார்த்திகையில் தகடு ஆட ஆரம்பித்தது. கொண்டுபோய்க் கொடுத்ததும் காசு வாங்காமல் புது ஆப்பு அடித்துக் கொடுத்தார், பிறகும் ஆடினால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போடச் சொன்னார், அது சரியாகவே இருக்கிறது. மாதம் ஒருமுறை அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் கூர் நிற்கிறது.

தை பிறந்துவிட்டது, தோட்டத்தில் பாதிக்கு மேல் மண் தெரிகிறது. புதருக்குள் புதைந்து கிடந்த நார்த்தை உயிரோடு இருந்தது, அடியைச் சுத்தம் செய்ததும் கொழுந்து விட்டிருக்கிறது. அடுத்து சருகு வாரக் காது உயரக் காம்போடு ஒரு வாரி சொல்லியிருக்கிறேன். நீங்கள் போவதாக இருந்தால் சந்தை நாளில் போகாதீர்கள், எனக்கு வாய்த்தது போல அன்று அளவெடுக்க அவருக்கு எப்போதும் நேரம் இருக்காது. தோட்டத்தில் போடுகிற செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள்.