ஆர்டுயினோவா, உளியா: கோத்தகிரி ஈரத்தில் எது தாங்குகிறது?

கோத்தகிரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். பிள்ளைகள் கருவிகளோடு செய்து கற்கப் பள்ளிகளில் அமைக்கும் அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்கு மத்திய அரசின் நிதி ஆயோக் ஒதுக்கும் 20 லட்சம் ரூபாயெல்லாம் எங்களுக்குக் கிடையாது. முன்னாள் மாணவர்கள் திரட்டித் தந்ததுதான். அதில் முதல் ஆண்டு ஆர்டுயினோ பெட்டிகள் வாங்கினோம்; நிரல் எழுதி விளக்கு, சென்சார் போன்றவற்றை இயக்கும் சிறு மின்னணுப் பலகைதான் ஆர்டுயினோ. மறு ஆண்டு ரம்பம், உளி, இழைப்புளி, மூலைமட்டம். என் சாய்வு மரவேலைப் பக்கம்தான்.

பிள்ளைகள் இரண்டையும் விரும்புகிறார்கள். ஆர்டுயினோவில் தவறை அழித்துவிடலாம். நிரலில் ஒரு வரியைத் திருத்தினால் விளக்கு எரியும். பிழையைத் தேடித் திருத்துவதே கற்றல் என்று கணினி வழிக் கல்வியின் முன்னோடி சீமோர் பேப்பர்ட் வாதாடியது இதைத்தான். மரம் அறுத்தால் அறுத்ததுதான்.

பராமரிப்பில்தான் கணக்கு மாறுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் வழியாக வகுப்புக்குள்ளேயே வந்துவிடும். இணைப்புக் கம்பிகளின் முனை கறுத்துப்போனது. அதன்பின் விளக்கு எரியாவிட்டால் பிழை நிரலிலா, கம்பியிலா? ஒரு பீரியட் முழுக்கத் தேடிவிட்டுக் கம்பிதான் என்று தெரிந்தால், பிள்ளை தன் மூளையைத்தான் சந்தேகிக்கிறது. மாற்றுச் சென்சார் கோவையிலிருந்து வரும்வரை நான்கு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

உளியும் துருப்பிடிக்கும். தீபாவளி விடுமுறை முடிந்து வந்தபோது இழைப்புளித் தகடு செக்கச்செவேல் என்றிருந்தது. ஆனால் உப்புத்தாளும் சாணைக்கல்லும் தேங்காய் எண்ணெய்த் துணியும் போதும், தீட்டுவதும் பாடமாகிவிடுகிறது. உளி முனையின் சாய்வு 25 டிகிரி என்று சொன்னதும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்து உளியின் மீது வைத்துப் பார்த்தாள். அதுவரை அந்தக் கோணமானி நோட்டைத் தாண்டி வெளியே வந்ததில்லை. மரத்துக்கும் பஞ்சமில்லை, தேயிலைத் தோட்டத்தில் சில்வர் ஓக் கிளை கழிக்கும்போது கேட்டால் தருகிறார்கள்.

குறையும் உண்டு. இதுவரை இரண்டு பேர் விரலை வெட்டிக்கொண்டார்கள்; எட்டுப் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் விடுவதில்லை. எட்டாம் வகுப்புக்கு மேல் நான் நடத்தியதில்லை. அங்கே ஆர்டுயினோதான் சரி என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

ஒரு மாணவன் நான்கு கால் வைத்து ஸ்டூல் செய்தான். ஆடியது. ஒரு காலைக் குறைத்தான், ஆடியது. இன்னொன்றைக் குறைத்தான். கடைசியில் அது மணையாகிவிட்டது. அடுத்ததை மூன்று காலில் செய்தான். எங்கள் மேடுபள்ளத் தரையிலும் அசையவில்லை. "முக்காலி என்று இதற்காகத்தான் சொல்கிறார்களா சார்?" என்றான். அந்த மணையின் மேல்தான் இப்போது சாணைக்கல்லை வைத்திருக்கிறோம்.