பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு ஏஐ: தொடர்ந்து பயன்படுத்திய அனுபவம்

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன கல்வியாண்டின் தொடக்கத்திலிருந்து பாடத் தயாரிப்புக்கு ஏஐ சாட்பாட்டைப் பயன்படுத்தி வருகிறேன். பாடச் சுருக்கமெல்லாம் கேட்டால் தரும். அது பாடநூலிலேயே இருக்கிறது. எனக்கு உண்மையில் கைகொடுத்தது, தவறான விடைகளை எழுதுவதில்தான்.

பொதுத்தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 12. பிள்ளைகள் எங்கே குழம்புவார்கள் என்று யோசித்து சரியான விடை போக மற்ற மூன்று தவறான விடைகளை அமைப்பதுதான் சிரமம். மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியில் இருக்கும்போது அதன் முடுக்கம் என்ன என்ற வினாவைக் கொடுத்து, ‘மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளை விடைகளாக வை, காரணமும் சொல்’ என்று கேட்டேன். முதல் தவறான விடையாக ‘சுழி’ என்று வைத்தது. வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் எழுதினார்கள்.

“பந்துதான் அங்க நின்னுடுதே டீச்சர்?” என்றாள் ஒரு மாணவி.

“முடுக்கமும் சுழி என்றால் அது அங்கேயே இருக்கணுமே, ஏன் கீழே வருது?” என்றேன்.

அந்தப் பீரியட் முழுக்க இதிலேயே போனது. இயக்க விதிகள் பாடத்தில் நான் எடுத்த நல்ல வகுப்பு அதுதான்.

விடைக்குறிப்பை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. 2 மீ/வி² முடுக்கத்துடன் கீழே இறங்கும் லிஃப்டில் 60 கிகி நிறையுள்ளவரின் தோற்ற எடை (லிஃப்டுக்குள் அவர் உணரும் எடை) 720 நியூட்டன் என்று தந்தது. புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொண்டால் 480தான் வரும். கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டு, படிப்படியாக விளக்கமும் எழுதியிருந்தது. ஒரு பிள்ளை தனியாகப் படித்தால் நம்பிவிடும். ஒவ்வொரு கணக்கையும் நோட்டில் போட்டுப் பார்த்த பிறகே வகுப்புக்குக் கொண்டுபோகிறேன்.

ஒளி போகும் பாதையைக் காட்டும் கதிர்ப்படம் கேட்பதை விட்டுவிட்டேன். அது வரையும் படத்தில், குவிலென்ஸில் முதன்மை அச்சுக்கு இணையாக வரும் கதிர், குவியத்தின் வழியாகப் போகாமல் எங்கோ போகிறது. தமிழ் எழுத்தும் சிதைந்து வருகிறது. சாக்பீஸும் ஸ்கேலும் போதும். விடைத்தாள் திருத்தவும் ஏஐயிடம் கொடுப்பதில்லை. யார் எந்த இடத்தில் சறுக்குகிறார்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று: பாடநூலின் பத்தியையே ஒட்டி, ‘இதற்குள் மட்டும் கேள்வி கேள்’ என்று சொல்லுங்கள். இல்லையென்றால் மேல்வகுப்புப் பாடமெல்லாம் வந்து கலந்துவிடும். அப்புறம், மாணவர்களின் பெயரையும் மதிப்பெண்ணையும் அதில் தட்டச்சு செய்யவே வேண்டாம்.