ஒரே ஆறு, வெவ்வேறு அளவுகோல்கள்: ஃப்ரேசர் சாக்கை சால்மன் பிழைத்திருக்குமா?

கனடாவின் ஃப்ரேசர் ஆற்றுக்கு 2009-இல் ஒரு கோடிக்கும் மேல் சாக்கை சால்மன் திரும்பும் எனக் கணித்தார்கள். வந்தவை சுமார் 15 லட்சம். மறு ஆண்டே மூன்று கோடியை நெருங்கியது. இந்த மீன் நலமாக இருக்கிறதா, அழிகிறதா? எதை ஓர் அலகாக எண்ணுகிறோம் என்பதில்தான் பதில் இருக்கிறது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன், அழிவு ஆபத்தை வரிசைப்படுத்தும் தன் சிவப்புப் பட்டியலில், 2008-இல் சாக்கை இனத்தை, மொத்தமாகப் பார்த்து, கவலைக்கு இடமில்லாத வரிசையில் வைத்தது. அலாஸ்காவின் பிரிஸ்டல் வளைகுடாவில் கோடிக்கணக்கில் வரும்போது அப்படித்தான் தெரியும். கிளைக் கூட்டங்களையும் அது தனியே ஆராய்ந்தது உண்மை. ஆனால் ஊர் உலகத்துக்குப் போய்ச் சேர்வது தலைப்பு மட்டுமே.

சாக்கைக்கு இந்தக் கூட்டல் பொருந்தாது. குஞ்சுகள் ஏரியில் வளர்ந்து, கடல் சென்று, பெரும்பாலும் நான்காம் வயதில் பிறந்த நீருக்கே முட்டையிடத் திரும்புகின்றன. ஓர் ஏரி காலியானால் பக்கத்து ஏரி மீன் வந்து எளிதில் நிரப்பிவிடாது. உயிரினங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிடும் கனடாவின் கோசெவிக் குழு இதைப் புரிந்து எண்ணியது: 2017-இல் ஃப்ரேசர் சாக்கையை 24 கூட்டங்களாகப் பிரித்தது. 8 அழிவின் விளிம்பில், 2 அச்சுறுத்தலில், 5 கவனம் தேவைப்படும் நிலையில், 9 மட்டும் ஆபத்தில்லாதவை. மூன்று தலைமுறைச் சரிவைப் பார்ப்பதால் 2009, 2010 போன்ற ஒற்றை ஆண்டுகள் அதை ஏமாற்றுவதில்லை. ஆனால் குழு சொல்வது பரிந்துரை மட்டுமே. கல்டஸ் ஏரிச் சாக்கையை அது ஆபத்தில் என்று சொல்லியும், மீன்பிடி வருவாய் இழப்பைக் காட்டி 2005-இல் அரசு சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க மறுத்தது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

அதே 2005-இல் வந்த கனடா அரசின் காட்டுச் சால்மன் கொள்கை, கூட்டங்களை அவற்றின் நிலைக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என நிறம் பிரிக்கிறது. சிவப்பு தொடங்கும் கீழ் எல்லையை அழிவின் விளிம்புக்கு வெகு மேலேயே வைத்திருப்பதால் எச்சரிக்கை முன்கூட்டியே ஒலிக்கும். என் தேர்வு இதுதான். சிவப்பு விழுந்தால் வலையை நிறுத்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் மட்டும் அதில் இல்லை.

கட்டாயம், அழியும் உயிரினங்களுக்கான அமெரிக்கச் சட்டத்தில் உண்டு. ஆனால் ஸ்நேக் ஆற்றுச் சாக்கை அதன் பட்டியலில் ஏறியது 1991-இல். அடுத்த ஆண்டு ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்குத் திரும்பியது ஒரே ஓர் ஆண் மீன்.