எக்ஸிலேற்றர் கேபிள்: பழையதற்கு ஒயில் விடுவதா, புதியது போடுவதா?

2024 ஆவணியில் ஒரு மாலை, ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டுப் பக்கமாக வந்துகொண்டிருந்தபோது, வீதியில் படுத்திருந்த மாடுகளைக் கண்டு எக்ஸிலேற்றரை விட்டேன். கைப்பிடி திரும்பி வரவில்லை. கிளச்சைப் பிடித்ததும் இயந்திரம் அலறியது. சாவியைத் திருகி வண்டியை நிறுத்தியபோது முதல் மாட்டுக்கும் முன்சில்லுக்கும் இடையே இரண்டு முழம்கூட இருக்கவில்லை.

அது பதினெட்டு வருடம் ஓடிய 100 சிசி மோட்டார் சைக்கிள். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது என்பதால், வன்னியில் பழைய வண்டியையே பேணி ஓட்டுபவர்கள் பலர். அவர்களுக்குப் பயன்படும் என்பதால், கைப்பிடியை இயந்திரத்தோடு இணைக்கும் எக்ஸிலேற்றர் கேபிள் இப்படி இறுகிப்போகும் பழுதுக்கு நான் செய்து பார்த்த வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் இறுக்கம் எங்கே இருக்கிறது என்று காண வேண்டும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஹாண்டிலை இடக்கோடியிலும் நடுவிலும் வலக்கோடியிலும் வைத்து, ஒவ்வொரு முறையும் எக்ஸிலேற்றரை முழுதாகத் திருகிக் கையை எடுத்தால், அது தானாகவே 'டக்' என்று திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரின் மேல்மூடியைக் கழற்றி, கேபிள் இழுக்க அதற்குள் மேலும் கீழும் ஓடும் சிலைட் என்ற துண்டைக் கேபிளோடு வெளியே எடுத்து, கேபிளின் முனையை அதிலிருந்து விடுவித்துவிட்டு மறுபடி திருகிப் பார்க்க வேண்டும். அப்போதும் இழுபட்டால் குறை கேபிளிலோ கைப்பிடியிலோ இருக்கிறது. இலகுவாக ஓடினால் சிலைட்டில் இருக்கிறது. என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணர், பெற்றோலுக்குத் தடையிருந்த தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளைத் திருத்திப் பழகியவர் என்பதால் முதலில் காபரேற்றரைத்தான் சந்தேகித்தார். கழற்றிப் பார்த்ததில் சிலைட் சுத்தமாக இருந்தது, குறை கேபிளில்தான்.

பழைய கேபிளுக்கு ஒயில் விடுவது செலவில்லாத வழி. கேபிளின் மேல்முனையைக் கழற்றி, அதைச் சுற்றிச் சொப்பிங் பையொன்றைக் கூம்பாகக் கட்டி, மெல்லிய ஒயில் சிறிது ஊற்றி, இரவு முழுவதும் தொங்கவிட்டேன். விடியற்காலையில் கீழே வைத்த சிரட்டையில் முதலில் சொட்டியது ஒயில் அல்ல, செங்கல் நிறத்துக் குழம்பு. தெளிந்த ஒயில் இறங்கும்வரை விட்டுப் பூட்டியதும், எக்ஸிலேற்றர் புது வண்டியைப் போல ஓடியது. அத்தோடு வேலை முடிந்ததென்றே நம்பினேன்.

ஐந்து வாரம் ஓடியது. மறுபடி ஒயில் விட்டேன். இம்முறை மூன்று வாரத்திலேயே பிடித்தது. இதற்கான காரணத்தை விளங்கிக்கொண்ட பிறகுதான் என் முடிவு உறுதியானது. சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் மாதங்களில் எங்கள் கிறவல் வீதிகளில் எழும் செம்மண் புழுதி மாவைப் போல நுண்ணியது. கேபிளின் மேல்முனையை மூடும் றப்பர் உறை வெயிலில் வெடித்துவிட்டால், அந்தப் புழுதி நேரே உள்ளே இறங்குகிறது. உலர்ந்த புழுதியில் ஓரளவு உதிர்ந்துவிடும். ஒயிலில் பட்ட புழுதியோ அரைக்கும் சாந்தாகிக் கம்பியையும் வெளிக்குழாயையும் சேர்த்துத் தேய்க்கிறது. அதாவது, ஒயில் விடுவது வேலையை முடிப்பதில்லை, அடுத்த முறையை நெருக்கிக் கொண்டுவருகிறது. பின்னர் அந்தக் கேபிளை வெட்டித் திறந்து பார்த்தேன். ஹெட்லைற்றுக்குப் பின்னால் கேபிள் வளையும் இடத்தில் உட்கம்பியின் இரண்டு இழைகள் அறுந்து, தூண்டில் முள்ளைப் போல வளைந்து, குழாயின் உட்சுவரைக் கீறிக்கொண்டிருந்தன. அந்த நிலைக்கு வந்த கேபிளை எந்த ஒயிலும் மீட்காது. தார் வீதியில் மட்டும் ஓடி, வீட்டுக்குள் நிறுத்தப்படும் வண்டியென்றால், றப்பர் உறையை மாற்றிவிட்டு ஒயில் விடுவதே போதுமாக இருக்கலாம். என் வண்டி வாய்க்கால் வரம்பிலும் வயலிலும் நிற்பது.

ஆகவே புதிய கேபிளே என் தெரிவு. அதன் விலை சில லீற்றர் பெற்றோலின் விலைக்குள் அடங்கியது. நான் வாங்கியது உள்ளே நைலோன் குழாய் பதித்தது. கம்பி உலோகத்தில் உரசாமல் நைலோனில் வழுக்குவதால் அதற்கு ஒயிலே தேவையில்லை, கிறீஸ் இட்டால் மாறாக இழுவை கூடும். பராமரிப்பு ஏறக்குறைய இல்லாமலே போய்விடுவதுதான் என்னைப் பொறுத்தவரை தீர்மானமான வேறுபாடு. போட்ட பின் ஒரு மாரியும் ஒரு கோடையும் கடந்துவிட்டன. றப்பர் உறையைத் துடைப்பதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

பெயரில்லாத மலிவுக் கேபிள் ஒன்றையும் இடையில் போட்டுப் பார்த்தேன். நீளம் சற்றுக் குறைவாக இருந்ததால், ஹாண்டிலை இடப்பக்கம் ஒடித்தபோது இயந்திரத்தின் வேகம் தானாக ஏறியது, அன்றே கழற்றிவிட்டேன். ஒன்றை வைத்து எல்லாவற்றையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் வாங்குமுன் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து அளப்பது அவசியம்.

குறை சிலைட்டில் என்றால், பெற்றோலால் கழுவித் துடைப்பதே போதும். திரும்பப் போடும்போது அதன் பக்கத்துப் பள்ளம் காபரேற்றரின் உள்ளேயுள்ள சிறு முளையில் சரியாக உட்கார வேண்டும். மாறிப் போட்டால் சிலைட் முழுதாக இறங்காமல், ஸ்டார்ட் செய்தவுடனேயே இயந்திரம் கட்டுக்கடங்காமல் ஓடும்.

கேபிளைப் பூட்டிய பின் கைப்பிடி ஓரத்தில் சிறிது தளர்வு விட வேண்டும். ஹொண்டாவின் பல சிறு மோட்டார் சைக்கிள்களுக்கு 2 முதல் 6 மில்லிமீற்றர் என்று கையேடு சொல்கிறது. நான் 4 வைத்திருக்கிறேன். ஐப்பசியில் மழை தொடங்குமுன், ஹாண்டிலை மூன்று நிலையிலும் வைத்துத் திருகிப் பார்க்கும் அதே சோதனையை மறுபடி செய்துவிட்டுத்தான் வயலுக்கு எடுக்கிறேன்.