யூரெஸ் வேலைத்தளமும் யூரோபாஸ் தன்விவரமும்: ஒரு மதிப்பீடு

ஐரோப்பாவில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வேலை மாறிப் போக நினைப்பவர்களுக்காக யூரெஸ் என்ற பொதுச்சேவை 1994ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும், நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன், சுவிற்சர்லாந்து ஆகிய நான்கும் இதில் சேர்ந்திருக்கின்றன. அந்தந்த நாட்டு அரச வேலைவாய்ப்பு நிலையங்களில் பதிவாகும் வேலை வெற்றிடங்கள் இதன் இணையத்தளத்தில் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன. அவற்றுக்குப் பின்னால், தேடுபவருக்கு வழிகாட்டுவதற்கென்றே பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் நாடுதோறும் இருக்கிறார்கள். ஒருங்கிணைப்புப் பொறுப்பை 2021 முதல் பிராட்டிஸ்லாவாவில் இயங்கும் ஐரோப்பியத் தொழில் அதிகாரசபை வகிக்கிறது. வேலை தேடுபவரிடம் இச்சேவைக்காகக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது ஒன்றியத்தின் 2016ஆம் ஆண்டு ஒழுங்குவிதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வேலை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி முற்பணம் கேட்கும் தரகர்களிடம் நம்மவர்கள் இன்னமும் ஏமாந்து கொண்டிருக்கும்போது, இந்த ஒரு விதியையாவது எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

நான் இச்சேவையைப் பயன்படுத்தியது எனக்காக அல்ல, என் அத்தானுக்காக. அவர் பாரிஸ் புறநகர் ஒன்றில் உணவகச் சமையற்கூடத்தில் நீண்ட காலமாக வேலை செய்கிறார். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர். ஒப்பந்தத்தில் அவருடைய பதவி கோப்பை கழுவுபவர் என்றுதான் இன்றுவரை இருக்கிறது. ஆனால் மதியச் சாப்பாட்டில் பாதியை ஆக்குபவர் அவர்தான். சகோதரர்கள் இருக்கும் ஜேர்மனிக்குக் குடும்பத்தோடு போய்விட விரும்பினார். ஆகவே இந்த மதிப்பீடு, சான்றிதழ் எதுவும் கையில் இல்லாத, ஆனால் தொழில் தெரிந்த ஒருவருக்கு இச்சேவை எந்த அளவுக்கு உதவுகிறது என்ற கோணத்திலிருந்து எழுதப்படுகிறது. பட்டமும் ஆங்கிலமும் உள்ள கணினிப் பொறியியலாளர் ஒருவர் எழுதினால் இது வேறுமாதிரி இருக்கக்கூடும்.

தேடுதல் பகுதியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நாடு, மாவட்டம், தொழில், ஒப்பந்த வகை, முழுநேரம் அல்லது பகுதிநேரம், வேண்டிய அனுபவம் என்று வடிகட்டித் தேட முடிகிறது. வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கத் தாமாகவே விரும்பும் நிறுவனங்களின் விளம்பரங்கள் தனி அடையாளத்தோடு வருகின்றன; தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை அவையே, ஏனென்றால் மற்ற விளம்பரங்களைக் கொடுத்த முதலாளிகளில் பலருக்குத் தங்கள் வெற்றிடம் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் வாசிக்கப்படுகிறது என்பது நினைவில் இருப்பதாகத் தெரியவில்லை. தளத்தின் பக்கங்கள் ஒன்றியத்தின் மொழிகளில் எல்லாம் கிடைத்தாலும், விளம்பரத்தின் உடல் பெரும்பாலும் அந்தந்த நாட்டு மொழியிலேயே இருக்கிறது. சம்பளம் எவ்வளவு என்பது பல விளம்பரங்களில் இல்லை. இந்தக் குறைக்குத் தளத்தைக் குற்றஞ்சொல்வது நியாயமில்லை. முதலாளி எழுதாததை அது காட்ட முடியாது. சம்பள வெளிப்படைத்தன்மை குறித்து 2023இல் வந்த ஒன்றியப் பணிப்புரை, நேர்முகத் தேர்வுக்கு முன்பே சம்பளத்தின் அளவை விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், முந்தைய சம்பளத்தைக் கேட்கக்கூடாது என்றும் சொல்கிறது. நாடுகள் அதைச் சட்டமாக்குவதற்கு வைக்கப்பட்ட கெடு 2026 ஜூன் 7. முந்தைய சம்பளத்தைக் கேட்கக்கூடாது என்ற பகுதியே அத்தானைப் போன்றவர்களுக்கு அதிக நன்மை தரும், ஏனென்றால் கோப்பை கழுவுபவரின் சம்பளத்திலிருந்து பேரம் தொடங்கினால் அது எங்கே முடியும் என்பது தெரிந்ததே.

யூரோபாஸ் என்ற ஒன்றியத் தளத்தில் தயாரிக்கும் தன்விவரம் (சிவி) பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. 2005இல் தொடங்கி, 2020இல் புதிய தளமாக மாற்றப்பட்ட இதில், இலவசமாகக் கணக்குத் திறந்து, கல்வி, அனுபவம், மொழித்திறன் ஆகியவற்றை நிரப்பி, விரும்பிய ஐரோப்பிய மொழியில் தன்விவரத்தை எடுத்துக்கொள்ளலாம். புகைப்படமும் பிறந்த திகதியும் நாட்டுரிமையும் கட்டாயமில்லை. ஜேர்மன் முதலாளிகள் பலர் புகைப்படத்தை எதிர்பார்ப்பது பழக்கத்தால்தான், சட்டத்தால் அல்ல. வெளிநாட்டுப் பெயரும் நிறமும் முதற்பார்வையிலேயே விண்ணப்பத்தை ஒதுக்கிவிடும் ஆபத்து இருக்கும் இடத்தில், அந்தக் கட்டங்களை வெறுமையாக விடும் சுதந்திரம் சிறிய விடயம் அல்ல. பெயர்க்கட்டம் மட்டும், தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதும் நம்மவர்களுக்கு வழக்கமான தலையிடியைத் தரும். கடவுச்சீட்டில் உள்ள வரிசையிலேயே நிரப்பிவிடுவது நல்லது.

அனுபவப் பகுதியில், பதவியின் பெயரைத் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் எஸ்கோ என்ற ஐரோப்பியத் தொழில் அகராதியிலிருந்து பெயர்கள் கீழே விரிகின்றன. அதில் ஏறத்தாழ 3,000 தொழில்களும், 13,000க்கு மேற்பட்ட திறன்களும் வகைப்படுத்தப்பட்டுள்ளன. ஒப்பந்தத்தில் உள்ளபடி எழுதியபோது, பாத்திரம் கழுவுதலும் தரையைத் துப்புரவாக்குதலும் சார்ந்த பதவிதான் வந்தது. அத்தான் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, நான் சமைக்கிறன் எண்டதை இதிலை எங்கை போடுறது?" என்று கேட்டார். சமையற்காரர் என்ற தொழிலின் கீழ் எஸ்கோ தரும் திறன் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றாக அவருக்கு வாசித்துக் காட்டினேன்: உணவுப் பாதுகாப்பும் சுகாதாரமும், வெட்டும் கருவிகளைக் கையாளுதல், மூலப்பொருட்களைச் சேமித்தல், சரக்கு வரும்போது சரிபார்த்து எடுத்தல், செலவைக் கட்டுப்படுத்துதல், குளிர்சாதனங்களின் வெப்பநிலையைச் சரியாக வைத்திருத்தல். பெரும்பாலானவற்றுக்கு, அது தன்னுடைய அன்றாட வேலை என்றார். குளிரறை வெப்பநிலைத் தாளைத் தினமும் காலையில் நிரப்புபவரே அவர்தான். கீழே கையெழுத்து மட்டும் தலைமைச் சமையற்காரருடையது. அந்தப் பட்டியல் இல்லாமல் இருந்திருந்தால், வெப்பநிலைத் தாளை நிரப்புவது ஒரு திறன் என்று அவருக்கும் தோன்றியிருக்காது, எனக்கும் தோன்றியிருக்காது. எல்லோருக்கும் தெரிந்த பதவிப் பெயர்களை விட்டுவிட்டு, செய்யும் வேலையை அடிப்படையாக வைத்து மனிதரை விவரிக்க வைக்கும் இந்த முறைக்காகவே யூரோபாஸைப் பரிந்துரைப்பேன்.

ஆனால் யூரோபாஸில் எழுதுவது அனைத்தும் சுய அறிவிப்பு. அதை வாசிக்கும் முதலாளி நம்பலாம், நம்பாமலும் விடலாம். வைத்தியர், பொதுத் தாதி, மருத்துவிச்சி, பல்வைத்தியர், மருந்தாளர், கால்நடை வைத்தியர், கட்டடக் கலைஞர் ஆகிய ஏழு தொழில்களுக்கு, 2005ஆம் ஆண்டின் பணிப்புரைப்படி ஒன்றியத்துக்குள் பெற்ற தகைமை ஏனைய நாடுகளில் தானாகவே ஏற்கப்படும். சான்றிதழே இல்லாத சமையற்காரருக்கு அப்படி எதுவும் கிடையாது. அவருக்கு உண்மையில் வேண்டியது வெற்றிடப் பட்டியல் அல்ல. தனது அனுபவத்தை ஏதாவது ஒரு நாட்டின் சட்டம் ஏற்கும் காகிதமாக மாற்றும் வழி. அந்த வழிகள் இருக்கின்றன. பிரான்சில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், வகுப்பில் அமராமல், வேலை அனுபவத்தைக் காட்டி, நடுவர் குழுவின் முன் தோன்றி, அரச சான்றிதழ் பெறலாம். ஜேர்மனியில் சமையற்காரருக்கான தொழிற்பயிற்சி மூன்று ஆண்டுகள். அதன் ஒன்றரை மடங்கு காலம், அதாவது நாலரை ஆண்டுகள், அத்தொழிலைச் செய்ததை நிரூபிப்பவர் பயிற்சிக்குப் போகாமலே வெளியாளாக இறுதிப் பரீட்சை எழுத அனுமதி கேட்கலாம். வெளிநாட்டில் வேலை செய்த காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டமே சொல்கிறது. அதற்கும் மேலாக, 2025 ஜனவரி 1 முதல், 25 வயது நிறைந்த, தொழிற்சான்றிதழ் இல்லாதவர்கள் தங்கள் திறனை வணிக, கைத்தொழில் சபையிடம் செய்து காட்டி உறுதிப்படுத்தும் நடைமுறையும் அங்கே வந்திருக்கிறது.

யூரெஸ் தளத்தின் வேலை விளம்பரத்துக்குப் பக்கத்தில் இவற்றில் ஒன்றுகூடக் காட்டப்படுவதில்லை. சமையற்காரர் வேண்டும், பயிற்சிச் சான்றிதழ் அவசியம் என்று விளம்பரம் சொல்கிறது. சான்றிதழ் இல்லாதவர் அந்த இடத்திலேயே திரும்பிப் போய்விடுகிறார். முறைசாராக் கற்றலை ஏற்று உறுதிப்படுத்தும் ஏற்பாட்டை எல்லா நாடுகளும் 2018க்குள் செய்ய வேண்டும் என்று ஒன்றியத்தின் அமைச்சரவை 2012இலேயே பரிந்துரைத்திருந்தது. பரிந்துரையும் இருக்கிறது, நாடுகளில் சட்டமும் இருக்கிறது. தேடுபவரின் கண்ணில் படும் இடத்தில் மட்டும் அவை இல்லை. இச்சேவையின் மிகப் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன். வடிவமைப்பை மாற்றுவதும் பெரிய வேலையாகத் தோன்றவில்லை, ஏனென்றால் விளம்பரமும் தன்விவரமும் ஏற்கெனவே ஒரே எஸ்கோ குறியீட்டைப் பயன்படுத்துகின்றன.

நாங்கள் இந்த வழிகளை அறிந்தது யூரெஸ் ஆலோசகர் ஒருவரிடமிருந்து. தளத்தில் நாடுவாரியாக அவர்களைத் தேடி எழுதலாம். சில நேரங்களில் நேரடி உரையாடலும் உண்டு. பிரெஞ்சும் ஜேர்மனும் பேசிய அந்த அம்மையார், வேலை வெற்றிடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, அத்தானிடம் பழைய சம்பளச் சீட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று கேட்டார். பதவிப் பெயர் எதுவாக இருந்தாலும், செய்த வேலைகளை விவரித்து முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கும்படி சொன்னார். பிரான்சில் இருந்து வேலையை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே இந்தக் கடிதத்தை வாங்க வேண்டும், பிறகு கேட்டால் கிடைக்காது என்பதை அவர் சொன்ன தொனியில் அனுபவம் தெரிந்தது.

யூ2 என்ற படிவத்தைப் பற்றியும் அவர்தான் விளக்கினார். ஒரு நாட்டில் வேலையின்மைக் கொடுப்பனவு பெறும் ஒன்றியக் குடிமகன், அங்கே குறைந்தது நான்கு வாரங்கள் வேலை தேடுபவராகப் பதிவில் இருந்த பின், அப்படிவத்துடன் இன்னொரு நாட்டுக்குப் போய் வேலை தேடிக்கொண்டே, பழைய நாட்டின் கொடுப்பனவை மூன்று மாதங்களுக்குத் தொடர்ந்து பெறலாம். பழைய நாடு சம்மதித்தால் ஆறு மாதம்வரை நீளும். போன நாட்டில் ஏழு நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். முதலில் போய்ச் சேர்ந்து வீடு பார்த்துவிட்டுப் பிறகு அலுவலகத்துக்குப் போகலாம் என்று இருப்பவர்கள் பதிவு செய்யும் நாள்வரையான பணத்தை இழப்பார்கள். இந்தத் தகவல் இணையத்தில் இல்லாமல் இல்லை, ஆனால் அதைத் தேட வேண்டும் என்பதே தெரியாதவர் எப்படித் தேடுவார்? யூரெஸின் நகர்வு உதவித் திட்டத்தின் கீழ், தகுதி பெறுபவர்களுக்கு நேர்முகத் தேர்வுக்கான பயணம், குடிபெயர்வு, மொழி வகுப்பு, தகைமை அங்கீகாரம் ஆகியவற்றின் செலவுக்குப் பண உதவி உண்டு. அதற்கும் பயணத்துக்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும்.

இதுவரை சொன்னது குடியுரிமை பெற்றவரின் கதை. வதிவிட அனுமதி மட்டும் உள்ளவர்களுக்கு இத்தளம் பெரிய ஏமாற்றத்தைத் தரக்கூடும். வெற்றிடங்கள் எல்லோருடைய கண்ணுக்கும் தெரிகின்றன, ஆனால் ஒரு நாடு கொடுத்த சாதாரண வதிவிட அனுமதி அடுத்த நாட்டில் வேலை செய்யும் உரிமையைத் தராது. ஒன்றியத்தின் நீண்டகால வதிவிட நிலை பெற்றவர்களுக்கும் நீல அட்டை என்ற உயர்திறன் வேலை அனுமதி வைத்திருப்பவர்களுக்கும் இவர்களைப் போன்ற வேறு சிலருக்கும் மட்டுமே ஓரளவு சலுகை இருக்கிறது. இதைத் தேடல் பக்கத்தின் முகப்பிலேயே சொல்லிவிட்டால் பலருடைய நேரம் மிச்சமாகும். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களான மூன்றாம் நாட்டவரின் திறன்களைப் பதிவு செய்வதற்கென்று ஐரோப்பிய ஆணைக்குழு 2017இல் தனியாக ஒரு கருவியை வெளியிட்டது. அது ஒன்றிய மொழிகளோடு அரபு, பாரசீகம், பஷ்தூ, சொரானி, சோமாலி, திக்ரிஞா, துருக்கி ஆகிய மொழிகளிலும் வந்தது. தமிழ் அதில் இல்லை. அகதிகளின் எண்ணிக்கையை வைத்து மொழிகளைத் தெரிவு செய்திருப்பார்கள் என்பது புரிகிறது. ஆயினும் நாற்பது ஆண்டுகளாக இங்கே வந்துகொண்டிருக்கும் ஒரு சமூகத்தின் மூத்த பெண்கள், வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போக விரும்பும்போது, பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டுதான் அதை நிரப்ப வேண்டியிருக்கிறது.

2030க்குள் 20 முதல் 64 வயதுக்கு உட்பட்டோரில் 78 விழுக்காட்டினர் வேலையில் இருக்க வேண்டும் என்று 2021இல் போர்த்தோ உச்சிமாநாட்டை ஒட்டி ஒன்றியம் இலக்கு வைத்தது. 2023இல் அது 75.3 விழுக்காடாக இருந்தது. மீதியுள்ள இடைவெளியில் நிற்பவர்களில் கணிசமானோர் மாற்றுத்திறனாளிகள், குடிபெயர்ந்த பெண்கள், நீண்டகாலம் வேலையில்லாதவர்கள், சான்றிதழ் இல்லாதவர்கள். இவர்களில் எவருக்கும் வெற்றிடங்களின் நீளமான பட்டியல் மட்டும் போதாது.

ஆகவே என் மதிப்பீடு பகுதிக்குப் பகுதி வேறுபடுகிறது. ஆலோசகர் சேவை மிக நன்று. யூரோபாஸ் நன்று, ஆனால் திறன் பட்டியலை நிரப்ப ஒரு மாலைப்பொழுதையாவது ஒதுக்க வேண்டும். தேடல் தளம் சுமார். ஒன்றியக் குடியுரிமை உள்ளவர்கள் வேலையை விடுவதற்கு முன்பே ஆலோசகருக்கு எழுதுங்கள், சம்பளச் சீட்டுகளையும் முதலாளியின் கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், தளத்தில் தேடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அத்தான் இப்போது பிரெஞ்சுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறார். ஜேர்மன் வகுப்பும் தொடங்கிவிட்டது. வதிவிட அனுமதியோடு மட்டும் இருப்பவர்கள் யூரெஸை ஒதுக்கிவிட்டு, போக விரும்பும் நாட்டின் குடிவரவு விதிகளையும் தகைமை அங்கீகார நிலையத்தையும் முதலில் பார்ப்பதே நல்லது. ஜேர்மனி என்றால், மேக் இட் இன் ஜெர்மனி என்ற அரசத் தளம் அதற்குப் போதுமான தொடக்கம்.