வீட்டில் தைத்து விற்கும் உடைக்கு எந்த லேபிள் வாங்கலாம்?

வீட்டில் குர்தி, சட்டை, குழந்தை உடை தைத்து விற்பவர்களுக்கு லேபிள் கடைகளில் மூன்று வகை கிடைக்கிறது: டமாஸ்க் எனப்படும் நெய்த லேபிள், சாட்டின் நாடாவில் அச்சிட்டது, பசை பூசி இஸ்திரியால் ஒட்டுவது. உங்கள் பிராண்ட் பெயர் தாங்கும் மெயின் லேபிளுக்கு நெய்ததுதான் சரி. எழுத்தே நூலாக ஓடுவதால் எத்தனை துவைத்தாலும் அழியாது. தறியில் டிசைன் ஏற்றும் வேலை 100 லேபிளுக்கும் 1000 லேபிளுக்கும் ஒன்றுதான். அதனால் குறைவாக வாங்கினால் ஒரு லேபிளின் விலை ஏறும்.

ஆர்டர் கொடுக்கும்போது பலர் எழுத்தையும் நிறத்தையும் மட்டும் பார்க்கிறார்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது மடிப்பு. இரு முனையும் பின்னால் மடங்கிய எண்ட் ஃபோல்ட் கழுத்துக்கு. நடுவில் மடங்கிய சென்டர் ஃபோல்ட் தையலுக்குள் செருகுவதற்கு. கழுத்து லேபிள் 50 மி.மீ. நீளம் தெரிய வேண்டுமானால், மடிப்புக்குப் பக்கத்துக்கு 6 மி.மீ. சேர்த்து மொத்தம் 62 மி.மீ. கேளுங்கள். மடிப்பு 3 மி.மீ.தான் இருந்தால் தையல் அதன் விளிம்பைத்தான் பிடிக்கும். சில துவைப்பிலேயே முனை வெளியே நீட்டிக்கொண்டுவிடும்.

கழுத்தில் குத்துகிறது என்ற புகார் பெரும்பாலும் நெசவால் வருவதில்லை, வெட்டிய ஓரத்தால் வருகிறது. அகலத் தறியில் நெய்து சூட்டுக் கம்பியால் வெட்டும்போது பாலியெஸ்டர் உருகி ஓரம் கெட்டியாகிவிடும். ஒலி அதிர்வால் வெட்டும் அல்ட்ராசோனிக் கட்டிங் இதைவிட மிருது. சாம்பிளை வாங்கி முழங்கையின் உள்பக்கம் உரசிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். அடர்நிற லேபிளானால், வெள்ளைத் துணித் துண்டோடு வெந்நீரில் 10 நிமிடம் போட்டுச் சாயம் இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

தைக்கும் முறையில்தான் நல்ல லேபிளும் வீணாகிறது. பருத்தித் துணியை வெட்டும் முன்பே நனைத்துக் காயவைக்க வேண்டும். துணி சுருங்கும், பாலியெஸ்டர் லேபிள் சுருங்காது. முதல் துவைப்பிலேயே லேபிள் நடுவில் உப்பி நிற்பதற்கு இதுதான் காரணம். சட்டையானால் உள்யோக்கை (தோள்பட்டைப் பகுதியின் உள்துணி) மற்ற பாகங்களோடு இணைக்கும் முன்பே லேபிளைத் தைத்துவிடுங்கள், வெளியே தையல் தெரியாது. ஒற்றைத் துணிக் குர்தியில் மேல்நூல் லேபிளின் நிறம், பாபின் நூல் துணியின் நிறம். லேபிள் மேல் பாபின் நூல் புள்ளிப் புள்ளியாக எட்டிப் பார்த்தால் மேல்நூல் இறுக்கம் அதிகம் என்று பொருள், சற்றுத் தளர்த்துங்கள்.

தைக்கும் முன் லேபிளைப் பிடித்து வைக்கக் குண்டூசி வேண்டாம். லேபிள் நழுவும், சாட்டினில் ஓட்டையும் தெரியும். நீரில் கரையும் பசைக்குச்சியால் இரு முனையிலும் லேசாகத் தொட்டு ஒட்டி, காய்ந்த பிறகு தையுங்கள். ஈரத்தில் தைத்தால் பசை ஊசியில் ஏறி நூல் அறும். 11 நம்பர் ஊசி, 2.5 மி.மீ. தையல், மடிப்பு ஓரத்திலிருந்து 1.5 மி.மீ. உள்ளே. தொடக்கத்திலும் முடிவிலும் ரிவர்ஸ் மூன்று தையல் போதும். அதற்கு மேல் போட்டால் அந்த இடம் சல்லடையாகிக் கிழியும்.

பனியன் துணியில் லேபிளின் நான்கு பக்கமும் தைக்கவே கூடாது. துணி இழுபடும், லேபிள் இழுபடாது. தலை நுழைக்கும்போது தையல் அறுந்துவிடும். உள்கழுத்து நாடாவின் மேல் இரு முனை மட்டும் தைப்பது பாதுகாப்பானது. ஊசி, முனை உருண்ட பால் பாயிண்டாக இருக்கட்டும்.

சலவைக் குறிப்பு தரும் வாஷ்கேர் லேபிளுக்குச் சாட்டின் போதும். இடது சைடு ஜாயிண்டில், அடிமடிப்பிலிருந்து 8 முதல் 10 செ.மீ. மேலே, தையலுக்குள் 8 மி.மீ. போகும்படி செருகுங்கள். அச்சு ரெசின் ரிப்பனில் (அச்சு இயந்திரத்தின் மை நாடா) போட்டதா என்று கடையில் கேளுங்கள். மெழுகு மை கொண்ட வாக்ஸ் ரிப்பன் எழுத்து சோப்பில் மங்கிவிடும். சலவைக் குறிப்பு அழிந்த லேபிளால் யாருக்கும் பயனில்லை.

இஸ்திரியில் ஒட்டும் வகையை விற்பனை உடைக்குப் பரிந்துரைக்க மாட்டோம். சூடு குறைந்தால் பசை பிடிக்காது. பருத்திக்கு வைக்கும் சூட்டில் நேரடியாக அழுத்தினால் பாலியெஸ்டர் பளபளத்துச் சுருங்கும். சரியாக ஒட்டினாலும் வெந்நீர்த் துவைப்பில் மூலைகள் கிளம்பத் தொடங்கும். பள்ளிச் சீருடையில் பிள்ளையின் பெயர் ஒட்ட வாங்கலாம். அப்போதும் மேலே மெல்லிய துணி போட்டு அழுத்தி, ஆறிய பிறகு நான்கு மூலையிலும் கையால் ஒரு தையல் போட்டுவிடுங்கள்.